மிகைல் சிகோரின்

மிகைல் இவானொவிச் சிகோரின் (நவம்பர் 12, 1850 - ஜனவரி 25, 1908) ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த சதுரங்க ஆட்டக்காரரும் இதழாசிரியரும் ஆவார். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் சிலருள் ஒருவராக விளங்கினார். உலக வாகையாளர் பட்டத்துக்காக வில்லெம் ஸ்டைனிட்சுடன் 1889, 1892 ஆகிய ஆண்டுகளில் இருமுறை மோதி, இருமுறையும் தோல்வியடைந்தார். எனினும் ரஷ்யாவில் சதுரங்கத்தை ஒரு போட்டி விளையாட்டாக வளர்த்தெடுத்தவர் என்ற வகையிலேயே இவர் இன்று பெரிதும் நினைவுகூரப்படுகிறார். இதழ்கள் நடத்துதல், கழகங்கள் அமைத்தல், நாடு தழுவிய போட்டிகளுக்கு வழிவகுத்தல் ஆகிய பணிகளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஈடுபட்டார். ரஷ்யச் சதுரங்க மரபின் தந்தை எனச் சதுரங்க வரலாற்றாளர்களால் கருதப்படுகிறார்.

பின்னணி

சதுரங்கம் ரஷ்யாவில் பல நூற்றாண்டுகளாக ஆடப்பட்டு வந்த ஆட்டமாகும். ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அது பெரும்பாலும் வீடுகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் பொழுதுபோக்காகவே ஆடப்பட்டது. அக்காலத்தில் குறிப்பிடத்தக்க ஆட்டக்காரராக அலெக்சாந்தர் பெத்ரோவ் (1794 - 1867) விளங்கினார். இவர் 1824 இல் ரஷ்ய மொழியில் சதுரங்க நூல் ஒன்றை வெளியிட்டார். கார்ல் யேனிஷ் (1813 - 1872) என்பவர் ஆட்டத் தொடக்கங்களைப் பற்றி எழுதிய ஆய்வு நூல் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டிருந்தது. ஆனால் இவர்களுள் எவரும் வெளிநாட்டுச் சுற்றுப்போட்டிகளில் தொடர்ந்து ஆடியவர்கள் அல்லர். உள்நாட்டிலும் ஒழுங்கான போட்டிகள் நடைபெறவில்லை.

1859 இல் விக்தர் மிகைலொவ் என்பவரை ஆசிரியராகக் கொண்டு ரஷ்யாவின் முதலாவது சதுரங்க இதழ் தொடங்கப்பட்டது. அது 1863 இல் நின்றுபோனது. 1862 இல் தலைநகர் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களும் கூடிய சதுரங்கக் கழகம் ஒன்றை அரசு மூடிவிட்டது. அங்கு சதுரங்கத்தைவிட அரசியலே மிகுதியாகப் பேசப்படுகிறது என்பது அதிகாரிகளின் ஐயமாக இருந்தது. மக்கள் ஒன்றுகூடும் எந்த அமைப்பையும் அரசு சந்தேகத்துடன் நோக்கிய காலம் அது. இதனால் சதுரங்கத்துக்கென ஒரு கழகத்தை நிலையாக நடத்துவதே கடினமாக இருந்தது. சிகோரின் சதுரங்க உலகுக்கு வந்தபோது ரஷ்யாவில் சதுரங்க இதழ் எதுவும் இல்லை. நாடு தழுவிய போட்டியோ சங்கமோ இல்லை.

இளமைக் காலம்

சிகோரின் சென் பீட்டர்ஸ்பேர்க்கிற்கு அருகில் உள்ள காட்சினா என்னும் நகரில் பிறந்தார். அன்று ரஷ்யாவில் வழக்கிலிருந்த பழைய நாட்காட்டியின்படி இவர் பிறந்த நாள் அக்டோபர் 31, 1850 ஆகும். இவரது தந்தை ஒக்தா வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த சிகோரின், காட்சினாவில் இருந்த அநாதைச் சிறுவர் கல்வி நிலையத்தில் சேர்க்கப்பட்டார். அங்கு கட்டுப்பாடுகள் மிகக் கடுமையானவை.

தமது பதினாறாவது வயதளவில், கல்வி நிலைய ஆசிரியர் ஒருவரிடம் சதுரங்கம் ஆடக் கற்றுக்கொண்டார். சதுரங்க மேதைகள் பலரும் மழலைப் பருவத்திலேயே ஆட்டத்தைக் கற்றவர்கள். அவர்களோடு ஒப்பிடுகையில் இது மிகவும் காலம் தாழ்ந்த தொடக்கமாகும். படிப்பை விட்டு வெளியேறியபின் சிகோரின் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியில் சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகள் சதுரங்கத்தில் அவர் பெரிய நாட்டம் காட்டவில்லை.

சதுரங்கத்தில் ஈடுபாடு

1873ஆம் ஆண்டளவில் சிகோரின், சென் பீட்டர்ஸ்பேர்க்கின் புகழ்பெற்ற நெவ்ஸ்கி வீதியில் இருந்த தொமினிக் சிற்றுண்டிச்சாலைக்குச் செல்லத் தொடங்கினார். அக்காலத்தில் நகரின் சதுரங்க ஆட்டக்காரர்கள் கூடும் முக்கிய இடமாக அது இருந்தது. நாட்டின் வலிமைமிக்க ஆட்டக்காரராகக் கருதப்பட்ட எமானுவேல் ஷிஃபர்ஸ் அங்கு வழக்கமாக ஆடி வந்தார். தொடக்கத்தில் ஷிஃபர்ஸ் தமது குதிரைகளுள் ஒன்றை முன்கூட்டியே விலக்கிவிட்டு சிகோரினுடன் ஆடினார். வலிமை குறைந்தவருக்கு இவ்வாறு சலுகை அளிப்பது அன்றைய வழக்கம்.

இந்த இடைவெளி விரைவில் குறைந்தது. 1878 இல் இருவரும் சலுகை ஏதுமின்றி ஆட்டத்தொடர்களில் மோதினர். முதலாவது தொடரில் சிகோரின் வென்றார். இரண்டாவது தொடரில் ஷிஃபர்ஸ் சிறிய வேறுபாட்டில் வென்றார். 1879, 1880 ஆகிய ஆண்டுகளில் நடந்த தொடர்களில் சிகோரினே வெற்றி பெற்றார். 1879 இல் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் நடைபெற்ற சுற்றுப்போட்டியில் சிமோன் அலாப்பினுடன் முதலிடத்தைப் பகிர்ந்து, பின்னர் நடந்த கூடுதல் ஆட்டத்தில் அவரை வென்றார். 1880 அளவில் ரஷ்யாவின் முதன்மை ஆட்டக்காரர் இவரே என்பது உறுதியாயிற்று.

இக்காலகட்டத்தில் சிகோரின் தமது அரசுப் பணியை விட்டு விலகி, சதுரங்கத்தையே வாழ்க்கைத் தொழிலாக ஏற்றுக்கொண்டார். லண்டனிலும் பாரிசிலும் சதுரங்கத்தால் பிழைத்தவர்கள் சிலர் இருந்தனர். ரஷ்யாவில் அத்தகைய வாழ்க்கைக்கு முன்மாதிரி இருக்கவில்லை. ஓய்வூதியத்துடன் கூடிய நிலையான பணியைக் கைவிட்ட இம்முடிவின் விளைவாக, வாழ்நாள் முழுவதும் இவர் பணநெருக்கடியில் இருக்க நேர்ந்தது.

இதழ்ப் பணி

1876 செப்டெம்பரில் சிகோரின் ஷாக்மத்னி லிஸ்தோக் என்னும் மாத இதழைத் தொடங்கினார். சதுரங்க ஏடு என்பது இதன் பொருள். முன்னர் நின்றுபோன மிகைலொவின் இதழின் பெயரையே இதற்கும் அவர் சூட்டினார். நாட்டின் மிகப் பெரிய நிலப்பரப்பில் ஒருவரையொருவர் அறியாமல் சிதறிக் கிடந்த ஆட்டக்காரர்களை இணைப்பதே இதன் நோக்கமாகும். வெளிநாட்டுப் போட்டிகளின் ஆட்டங்கள், அவற்றுக்கான விளக்கங்கள், சதுரங்கப் புதிர்கள், உள்ளூர்க் கழகச் செய்திகள் ஆகியன இதில் இடம்பெற்றன.

இதழின் சந்தாதாரர் எண்ணிக்கை சில நூறு பேருக்கு மேல் உயரவில்லை. அச்சுச் செலவையும் அஞ்சல் செலவையும் ஈடுகட்ட அத்தொகை போதவில்லை. சிகோரின் தம் சொந்தப் பணத்தையும் இதில் செலவிட்டார். ஐந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்த அவ்விதழ் 1881 இல் நிறுத்தப்பட்டது. 1885 இல் ஷாக்மத்னி வெஸ்த்னிக் என்னும் மற்றோர் இதழைத் தொடங்கினார். அதுவும் 1887 இல் நின்றது.

இதன்பின் சிகோரின் செய்தித்தாள்களைப் பயன்படுத்தினார். சென் பீட்டர்ஸ்பேர்க்கில் இருந்து வெளிவந்த நோவயே வ்ரேம்யா என்னும் நாளிதழில் 1890 முதல் பல ஆண்டுகள் சதுரங்கப் பகுதியை எழுதி வந்தார். தனி இதழ் சென்றடையாத சிறு நகரங்களுக்கும் நாளிதழ் சென்றது. சந்தா செலுத்த இயலாதவர்களும் அதன்மூலம் உலகப் போட்டிகளின் ஆட்டங்களை அறிந்துகொண்டனர். அத்துடன் மாஸ்கோ, கீவ் போன்ற நகரங்களுக்குச் சென்று, ஒரே நேரத்தில் பலருடன் ஆடும் காட்சி ஆட்டங்களையும் நடத்தினார்.

அனைத்துலகப் போட்டிகள்

1881 இல் பெர்லினில் நடைபெற்ற சுற்றுப்போட்டியே சிகோரின் வெளிநாட்டில் ஆடிய முதலாவது பெரும் போட்டியாகும். அதில் மூன்றாம், நான்காம் இடங்களை சைமன் வினாவருடன் பகிர்ந்துகொண்டார். 1882 இல் வியன்னாவில் நடந்த போட்டியில் பின்தங்கிய இடத்தையே பெற்றார். ஆனால் 1883 இல் லண்டனில் நடைபெற்ற மாபெரும் போட்டியில் சுக்கர்டார்ட், ஸ்டைனிட்ஸ், பிளாக்பர்ன் ஆகியோருக்கு அடுத்ததாக நான்காம் இடம் பெற்றார். இப்போட்டியில் ஸ்டைனிட்சுக்கு எதிரான தமது இரண்டு ஆட்டங்களிலும் சிகோரின் வெற்றி பெற்றது குறிப்பிடத்தக்கது.

1886 - 1887 இல் சென் பீட்டர்ஸ்பேர்க், லண்டன் ஆகிய இரு நகரங்களின் அணிகளுக்கிடையே தந்தி மூலம் இரண்டு ஆட்டங்கள் நடைபெற்றன. சிகோரின் தலைமையிலான சென் பீட்டர்ஸ்பேர்க் அணி ஓர் ஆட்டத்தில் வென்று, மற்றையதைச் சமன் செய்தது. அன்று சதுரங்கத்தின் மையமாக விளங்கிய லண்டனை ஒரு ரஷ்ய நகரம் வென்ற இந்நிகழ்வு, உள்நாட்டில் சதுரங்கத்தின் மதிப்பை உயர்த்தியது.

முதலாவது உலக வாகையாளர் தொடர் (1889)

1886 இல் ஸ்டைனிட்ஸ், யோகான் சுக்கர்டார்ட்டை வென்று உலக வாகையாளர் ஆனார். கியூபாவின் தலைநகர் அவானாவில் இருந்த சதுரங்கக் கழகம், ஸ்டைனிட்ஸ் தாமே தேர்ந்தெடுக்கும் ஒருவருடன் அங்கு ஆட வேண்டும் என அவரை அழைத்தது. தமக்கு எதிராக நல்ல பெறுபேறுகளைக் கொண்டிருந்த சிகோரினையே ஸ்டைனிட்ஸ் தேர்ந்தெடுத்தார்.

தொடர் 1889 ஜனவரி முதல் பெப்ரவரி வரை நடைபெற்றது. அக்காலத்துச் சதுரங்கத்தில் இருவேறு நோக்குகளின் மோதலாக இது அமைந்தது. ஆட்டத்துக்குப் பொதுவான விதிகள் உண்டு எனவும், சிறு சிறு அனுகூலங்களைச் சேர்த்தே வெற்றி பெற வேண்டும் எனவும் ஸ்டைனிட்ஸ் கருதினார். பொது விதிகளைவிட அந்தந்த நிலையின் தனித்தன்மையே முக்கியம் என்பது சிகோரினின் எண்ணம். சிகோரின் தமக்கு வெள்ளைக் காய்கள் கிடைத்தபோது பெரும்பாலும் எவன்ஸ் கேம்பிட் எனப்படும் தொடக்கத்தையே ஆடினார். காலாள் ஒன்றைப் பலியாகக் கொடுத்து விரைந்து தாக்கும் முறை அது. ஸ்டைனிட்ஸ் 10 ஆட்டங்களிலும் சிகோரின் 6 ஆட்டங்களிலும் வென்றனர். ஒரே ஓர் ஆட்டம் மட்டுமே சமநிலையில் முடிந்தது. இறுதிப் புள்ளிகள் 10½ - 6½ ஆகும்.

அதே ஆண்டில் நியூயோர்க்கில் நடந்த சுற்றுப்போட்டியில் 20 பேர் பங்குபற்றினர். ஒவ்வொருவரும் 38 ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. சிகோரினும் மேக்ஸ் வைசும் தலா 29 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றனர். அவர்களுக்கிடையே நடந்த நான்கு கூடுதல் ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. 1890 இல் சிகோரின் மீண்டும் அவானா சென்று இசிடோர் குன்ஸ்பெர்க்குடன் ஆடினார். அத்தொடரும் 11½ - 11½ எனச் சமநிலையில் முடிந்தது.

தந்தி வழிப் போட்டி

1889 இல் ஸ்டைனிட்ஸ் வெளியிட்ட சதுரங்கப் பாடநூலில், எவன்ஸ் கேம்பிட்டுக்கும் இரு குதிரைகள் தடுப்பாட்டத்துக்கும் தாம் கண்ட புதிய வழிகளை எழுதியிருந்தார். எவன்ஸ் கேம்பிட்டில் கறுப்பு அரசியை முன்கூட்டியே வெளியே கொண்டுவரலாம் என்றும், இரு குதிரைகள் தடுப்பாட்டத்தில் வெள்ளைக் குதிரையைப் பலகையின் ஓரத்துக்குப் பின்வாங்கலாம் என்றும் அவர் கூறினார். இவ்வழிகள் தவறானவை என சிகோரின் வாதிட்டார். வாதத்தைப் பலகையில் தீர்த்துக்கொள்ள இருவரும் உடன்பட்டனர்.

1890 அக்டோபர் முதல் 1891 ஏப்ரல் வரை, நியூயோர்க்கில் இருந்த ஸ்டைனிட்சும் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் இருந்த சிகோரினும் தந்தி மூலம் இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஆடினர். ஒவ்வொரு நகர்த்தலும் கடல் கடந்து அனுப்பப்பட்டது. இரண்டு ஆட்டங்களிலும் சிகோரினே வெற்றி பெற்றார். சதுரங்க உலகம் இவ்வாட்டங்களை ஆவலுடன் பின்தொடர்ந்தது. உலக வாகையாளர் தொடர் மீண்டும் நடைபெற வேண்டும் என்ற விருப்பம் இதனால் வலுப்பெற்றது.

இரண்டாவது உலக வாகையாளர் தொடர் (1892)

இரண்டாவது தொடர் 1892 ஜனவரி 1 இல் அவானாவிலேயே தொடங்கியது. முதலில் பத்து ஆட்டங்களில் வெல்பவரே வாகையாளர் என விதிக்கப்பட்டது. அப்போது ஸ்டைனிட்சுக்கு வயது 55; சிகோரினுக்கு 41. தொடரின் முற்பாதியில் சிகோரின் முன்னணியில் இருந்தார். பிற்பாதியில் ஸ்டைனிட்ஸ் மீண்டெழுந்தார். 22 ஆட்டங்கள் முடிந்த நிலையில் ஸ்டைனிட்ஸ் 9 வெற்றிகளும் சிகோரின் 8 வெற்றிகளும் பெற்றிருந்தனர். ஐந்து ஆட்டங்கள் சமநிலையில் முடிந்திருந்தன.

23ஆவது ஆட்டம் பெப்ரவரி 28 அன்று நடைபெற்றது. வெள்ளைக் காய்களுடன் ஆடிய சிகோரின், அரசன் கேம்பிட் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆட்டத்தின் நடுப்பகுதியில் ஒரு முழுக் காய் மிகையாகப் பெற்று வெற்றி நிலையை அடைந்தார். இதில் வென்றிருந்தால் இருவரும் தலா 9 வெற்றிகளுடன் சமநிலை அடைந்திருப்பர். பட்டம் யாருக்கு என்பது இன்னும் தீர்மானிக்கப்படாத கேள்வியாக இருந்திருக்கும்.

ஸ்டைனிட்சின் இரண்டு யானைகளும் அப்போது சிகோரினின் அரசனுக்கு அருகில் இரண்டாவது வரிசையில் நின்றன. அரசனுக்கு முன்னிருந்த காலாளை சிகோரினின் மந்திரி மட்டுமே காத்து நின்றது. 32ஆவது நகர்த்தலில் சிகோரின் அந்த மந்திரியை வேறிடத்துக்கு நகர்த்தினார். ஸ்டைனிட்ஸ் உடனே யானையால் அக்காலாளை வெட்டினார். அடுத்த நகர்த்தலில் அரசன் வீழ்வது தவிர்க்க முடியாததாகவே சிகோரின் தோல்வியை ஒப்புக்கொண்டார். 12½ - 10½ என்ற புள்ளிகளில் பட்டம் ஸ்டைனிட்சிடமே நிலைத்தது.

உலக வாகையாளர் தொடர்களின் வரலாற்றில் இது மிகவும் அறியப்பட்ட தவறுகளுள் ஒன்றாகும். சிகோரின் மீண்டும் ஒருபோதும் பட்டத்துக்காக ஆடவில்லை. 1894 இல் எமானுவேல் லாஸ்கர் ஸ்டைனிட்சை வென்று புதிய வாகையாளர் ஆனார்.

டராஷ், ஹேஸ்டிங்ஸ், சென் பீட்டர்ஸ்பேர்க்

1893 இல் ஜெர்மனியின் தலைசிறந்த ஆட்டக்காரரும் மருத்துவருமான சீக்பெர்ட் டராஷ், சிகோரினுடன் ஆட சென் பீட்டர்ஸ்பேர்க் வந்தார். ஸ்டைனிட்சின் கருத்துகளை மேலும் இறுக்கமான விதிகளாக வகுத்துக் கற்பித்தவர் டராஷ். அவர் பிரெஞ்சுத் தடுப்பாட்டத்தை ஆடியபோது, சிகோரின் இரண்டாவது நகர்த்தலிலேயே அரசியை அரசனுக்கு முன்னால் வைத்தார். அன்றைய கொள்கைகளின்படி வினோதமாகத் தோன்றிய இந்நகர்த்தல், பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஓர் ஆட்டமுறையாயிற்று. இருவரும் தலா 9 ஆட்டங்களில் வென்று, 4 ஆட்டங்களைச் சமன் செய்ததால் தொடர் 11 - 11 என முடிந்தது.

1895 இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் நடைபெற்ற சுற்றுப்போட்டியில், அக்காலத்தின் வலிமைமிக்க ஆட்டக்காரர்கள் ஏறத்தாழ அனைவரும் உட்பட 22 பேர் ஆடினர். சிகோரின் முதலாவது சுற்றிலேயே அமெரிக்க இளைஞர் ஹாரி பில்ஸ்பரியை வென்றார். உலக வாகையாளர் லாஸ்கரையும் வென்றார். இறுதிச் சுற்றுகளை நெருங்கும்போது முதலிடத்துக்கான வாய்ப்பு இவருக்கு இருந்தது. அந்நிலையில் டேவிட் ஜனோவ்ஸ்கியிடம் மிகக் குறைந்த நகர்த்தல்களில் தோல்வியடைந்தார். பில்ஸ்பரி 16½ புள்ளிகளுடன் முதலிடமும், சிகோரின் 16 புள்ளிகளுடன் இரண்டாம் இடமும், லாஸ்கர் 15½ புள்ளிகளுடன் மூன்றாம் இடமும் பெற்றனர். டராஷ், ஸ்டைனிட்ஸ் ஆகியோர் அடுத்த இடங்களைப் பெற்றனர்.

ஹேஸ்டிங்ஸ் போட்டியைத் தொடர்ந்து, அதில் முன்னணி பெற்றவர்கள் 1895 - 1896 குளிர்காலத்தில் சென் பீட்டர்ஸ்பேர்க்கிற்கு அழைக்கப்பட்டனர். லாஸ்கர், ஸ்டைனிட்ஸ், பில்ஸ்பரி, சிகோரின் ஆகிய நால்வரும் ஒருவருடன் ஒருவர் ஆறு ஆட்டங்கள் வீதம் ஆடினர். சிகோரின் நான்காம் இடத்தையே பெற்றார். ஆயினும் உலகின் முதன்மை ஆட்டக்காரர்கள் ஒன்றாக ரஷ்யத் தலைநகருக்கு வந்து ஆடியது, அந்நாட்டின் சதுரங்க வரலாற்றில் ஒரு திருப்புமுனை எனலாம். 1896 இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த போட்டியில் ருடோல்ஃப் சாருசெக்குடன் முதலிடத்தைப் பகிர்ந்த சிகோரின், பின்னர் நடந்த கூடுதல் தொடரில் அவரை 3 - 1 என வென்றார்.

அனைத்து ரஷ்யப் போட்டிகள்

நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சதுரங்கச் சங்கத்தை அமைக்க வேண்டும் என்பது சிகோரினின் நெடுநாள் விருப்பம். இதழ்கள் வழியாகவும் நேரிலும் இதனைத் தொடர்ந்து வலியுறுத்தினார். பணப்பற்றாக்குறை, அரசின் அனுமதியைப் பெறுவதில் இருந்த சிக்கல், சென் பீட்டர்ஸ்பேர்க், மாஸ்கோ ஆட்டக்காரர்களிடையே ஒற்றுமையின்மை ஆகியன தடைகளாக இருந்தன. சங்கம் அமையாவிட்டாலும் நாடு தழுவிய போட்டி நடைபெறுவது சாத்தியமாயிற்று.

முதலாவது அனைத்து ரஷ்யப் போட்டி 1899 இல் மாஸ்கோவில் நடைபெற்றது. அதில் சிகோரின் முதலிடம் பெற்றார். 1900 - 1901 இல் மாஸ்கோவில் நடந்த இரண்டாவது போட்டியிலும், 1903 இல் கீவ் நகரில் நடந்த மூன்றாவது போட்டியிலும் அவரே வென்றார். கீவ் போட்டியில் ஒசிப் பெர்ன்ஸ்டைன் இரண்டாம் இடமும் அக்கிபா ரூபின்ஸ்டைன் ஐந்தாம் இடமும் பெற்றனர். இருவரும் அப்போது இருபது வயதைக் கடந்த இளைஞர்கள்; பின்னாளில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களாக உயர்ந்தவர்கள். சிகோரின் அப்போது தமது ஐம்பதுகளில் இருந்தார். இவர் இளைஞராக இருந்தபோது தொமினிக் சிற்றுண்டிச்சாலையைத் தவிர ஆட இடமில்லாத நிலை இருந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின் நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் இளம் ஆட்டக்காரர்கள் ஒரே போட்டியில் கூடும் நிலை உருவாகியிருந்தது.

ஆட்டமுறை

சிகோரின் தாக்குதல் ஆட்டத்தில் வல்லவராக அறியப்படுகிறார். எவன்ஸ் கேம்பிட், அரசன் கேம்பிட் ஆகியவற்றை அவரைப் போல ஆழமாக ஆராய்ந்தவர்கள் சிலரே. எனினும் அவரைப் பழைய பாணித் தாக்குதல்காரர் என மட்டும் கூறுவது சரியாகாது. இரண்டு மந்திரிகளை வைத்திருப்பது எப்போதும் அனுகூலம் என்பது ஸ்டைனிட்ஸ், டராஷ் ஆகியோரின் கொள்கை. குதிரை எந்த வகையிலும் மந்திரிக்குக் குறைந்ததன்று எனக் காட்ட சிகோரின் பல ஆட்டங்களில் தாமாகவே மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வெட்டினார். பலகையின் மையத்தைக் காலாள்களால் நிரப்பாமல், காய்களால் தாக்கியும் கட்டுப்படுத்தலாம் என்பதையும் அவர் செயலில் காட்டினார். இக்கருத்து 1920களில் தோன்றிய புதிய தலைமுறை ஆட்டக்காரர்களின் கொள்கையை முன்னறிவிப்பதாக அமைந்தது.

அரசி கேம்பிட்டுக்கு எதிராக இரண்டாவது நகர்த்தலில் குதிரையை வெளிக்கொணரும் முறை சிகோரின் தடுப்பாட்டம் என அழைக்கப்படுகிறது. ருய் லோபஸ் தொடக்கத்தின் முக்கியமான கிளை ஒன்றும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இவ்விரண்டும் 21ஆம் நூற்றாண்டிலும் உயர்நிலைப் போட்டிகளில் ஆடப்பட்டு வருகின்றன.

கடைசி நேர உணர்ச்சிவசப்படுதலும் கவனக்குறைவும் இவரது குறைகளாகச் சுட்டப்படுகின்றன. அவானாவின் 23ஆவது ஆட்டமும் ஹேஸ்டிங்சில் ஜனோவ்ஸ்கியிடம் அடைந்த தோல்வியும் இதற்கு எடுத்துக்காட்டுகள் ஆகும்.

இறுதிக் காலம்

1903 இல் வியன்னாவில், எல்லா ஆட்டங்களும் அரசன் கேம்பிட்டிலேயே தொடங்க வேண்டும் என்ற விதியுடன் ஒரு போட்டி நடைபெற்றது. சிகோரின் இதில் முதலிடம் பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், ரைஸ் கேம்பிட் என்னும் தொடக்கத்தைச் சோதிப்பதற்காக லாஸ்கருடன் ஆறு ஆட்டங்கள் ஆடி 3½ - 2½ என வென்றார். இவையே அவரது கடைசிப் பெரும் வெற்றிகள்.

இதன்பின் அவரது உடல்நலம் குன்றியது. 1907 இல் கார்ல்ஸ்பாட் நகரில் 21 பேர் பங்குபற்றிய போட்டியில் ஆடியபோது அவர் கடுமையாக நோயுற்றிருந்தார். கீழ்நிலை இடத்தையே பெற முடிந்தது. கீவ் போட்டியில் அவருக்குப் பின்னால் ஐந்தாம் இடம் பெற்ற ரூபின்ஸ்டைனே கார்ல்ஸ்பாட்டில் முதலிடம் பெற்றார். நீரிழிவு நோய் முற்றிய நிலையில் இருந்த சிகோரின், பல ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்த தம் மனைவியும் மகளும் வசித்த லூப்ளின் நகருக்குச் சென்றார். அந்நகரம் இன்று போலந்தில் உள்ளது. அங்கு 1908 ஜனவரி 25 அன்று தமது 57ஆவது வயதில் காலமானார். லூப்ளினில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல் பின்னர் சென் பீட்டர்ஸ்பேர்க்கின் நோவதேவிச்சி இடுகாட்டுக்கு மாற்றப்பட்டது.

மறைவுக்குப் பின்

சிகோரினின் நினைவாக 1909 பெப்ரவரியில் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் அனைத்துலகச் சுற்றுப்போட்டி ஒன்று தொடங்கியது. லாஸ்கரும் ரூபின்ஸ்டைனும் 18 ஆட்டங்களில் தலா 14½ புள்ளிகள் பெற்று முதலிடத்தைப் பகிர்ந்தனர். அதனுடன் இணைந்து நடைபெற்ற அனைத்து ரஷ்யப் பயில்நிலைப் போட்டியில் 16 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் வென்று மாஸ்டர் பட்டம் பெற்றார். அவர் பெயர் அலெக்சாந்தர் அலெகைன். சிகோரின் எட்ட முடியாத உலக வாகையாளர் பட்டத்தை 1927 இல் அவர் வென்றார். ரஷ்யாவில் பிறந்த முதலாவது உலக வாகையாளர் அவரே.

சிகோரின் விரும்பிய அனைத்து ரஷ்யச் சதுரங்கச் சங்கம், அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் 1914 இல் தோற்றுவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது. போரும் 1917 புரட்சியும் அச்சங்கத்தை நிலைக்க விடவில்லை. 1924 முதல் சோவியத் அரசு சதுரங்கத்தைத் தன் நேரடி ஆதரவில் வளர்க்கத் தொடங்கியது. சிகோரினின் காலத்தில் சில நூறு சந்தாதாரர்களைத் திரட்ட இயலாத நாட்டில், தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் சதுரங்கக் குழுக்கள் தோன்றின. 1925 இல் மாஸ்கோவில் நடந்த அனைத்துலகப் போட்டியை அரசே நடத்தியது. 1948 இல் மிகைல் பொத்வின்னிக் உலக வாகையாளர் ஆனார். அன்று முதல் 1972 வரை அப்பட்டம் தொடர்ந்து சோவியத் ஆட்டக்காரர்களிடமே இருந்தது.

சோவியத் சதுரங்க எழுத்தாளர்கள் தமது மரபின் தொடக்கமாக சிகோரினைக் குறிப்பிட்டனர். விதிகளைக் கண்மூடித்தனமாக ஏற்காமல் ஒவ்வொரு நிலையையும் தனியே ஆராயும் அணுகுமுறையை அவரிடமிருந்தே பெற்றதாகக் கூறினர். அரசின் ஆதரவு எதுவும் இன்றி உழைத்த ஒருவரை அரசு ஆதரித்த ஒரு மரபு தன் முன்னோடியாகக் கொண்டது கவனிக்கத்தக்கது. சென் பீட்டர்ஸ்பேர்க் நகரின் சதுரங்கக் கழகம் சிகோரினின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் நினைவாகச் சுற்றுப்போட்டிகளும் பல ஆண்டுகளாக நடத்தப்பட்டுள்ளன.